யானைமலையிலிருந்து உலகத்துக்கு: புவியியலைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. நாற்காலிக்குப் பின்னால் ஓர் உலக மேப் தொங்குகிறது. கடை திறந்தபோது அழகுக்கு மாட்டியது. பல வருஷம் அதை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு நாள், மகள் பிரசவத்துக்காக நியூயார்க் கிளம்பிய ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, டெல்லில ஏறுனா பிளேனு எந்தப் பக்கமாப் போகும்?" நான் திரும்பி, மேப்பில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். "நேரா மேக்காலம்மா. அரபு நாடு, ஆப்பிரிக்கா மேல போயி, அப்பறம் கடலு. அவ்வளவுதான்." போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது. "தம்பி, நீங்க சொன்ன பக்கமே போகல. வடக்க ஏறிக்கிட்டே போச்சு. கிரீன்லாந்துன்னு டிவில காமிச்சான். சன்னல்ல பாத்தா ஒரே ஐஸு."

நாள் முழுக்க உலகத்துக்கு டிக்கெட் விற்கிறவன், திசையைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு. ஆனால் ஆரம்பித்த விதமும் தப்பு. தலைநகரங்களை மனப்பாடம் பண்ணினேன். புர்கினா ஃபாசோவுக்கு வாகடூகு, மங்கோலியாவுக்கு உலான்பாதர் என்று ஆறு மாதம் ஒப்பித்தேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டு இல்லை, வந்த வேகத்தில் மறந்தும் போயின. ஒவ்வொரு தூரத்து ஊரையும் மதுரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எதுவும் மண்டையில் நின்றது. மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னால் எந்த வரிசையில் படிப்பேனோ, அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

வாங்க வேண்டியவை

அதிகம் இல்லை. ஒரு பள்ளிக்கூட அட்லஸ், ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் உலக அவுட்லைன் மேப் பத்துப் பன்னிரண்டு, ஒரு கலர் பென்சில் பெட்டி. முடிந்தால் சின்ன பூகோள உருண்டை ஒன்று, கூடவே ஒரு முழம் நூல். தமிழ்நாடு அரசின் 9ஆம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தையும் 11ஆம் வகுப்புப் புவியியல் புத்தகத்தையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நாற்பது வயதில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகமா என்று கூச்சப்பட வேண்டாம். நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று அதில் பிரித்திருக்கும் வரிசை நல்ல வரிசை. புத்தகம் வாங்கக் கையைக் கடித்தால் புதுநத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் ஒரு நாள் உட்காருங்கள்.

முதல் படி: நிற்கிற இடத்துக்கு விலாசம்

"மேல மாசி வீதியும் வடக்கு மாசி வீதியும் சேர்ற இடம்" என்றால் மதுரையில் வேறு அடையாளம் கேட்க மாட்டார்கள். ஒரு வீதி தெற்கு வடக்காகப் போகிறது, மற்றது கிழக்கு மேற்காகப் போகிறது, இரண்டும் சேரும் மூலை ஒன்றுதான். கிழக்கு மேற்காகப் போகும் அட்சக்கோடும் தெற்கு வடக்காகப் போகும் தீர்க்கக்கோடும் இதே கணக்குதான், உலகம் முழுமைக்கும் போட்ட மாசி வீதிகள். போனில் மேப்பைத் திறந்து உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். மதுரையில் எங்கிருந்தாலும் வடக்கே 9.9 டிகிரி, கிழக்கே 78.1 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். ஓர் அட்சத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 111 கி.மீ. ஆகவே பூமத்திய ரேகை நமக்குத் தெற்கே சுமார் 1,100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது.

போன் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, வானத்தை வைத்துச் சரிபார்க்கலாம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் நீங்கள் நிற்கும் அட்சம். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால், முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அதாவது மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே ஒரே ஒரு முஷ்டி.

சொல்ல எளிது, பார்க்கப் பாடுபட்டோம். எங்கள் மொட்டைமாடிக்கு வடக்கே ஓர் அப்பார்ட்மென்ட் நிற்கிறது. ஊர் வெளிச்சமும் தூசியும் வேறு. பத்தாவது படிக்கும் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு, சித்திரையில் ஒரு ராத்திரி, அழகர்கோவில் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனேன். அந்த மாதத்தில் முன்னிரவிலேயே சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்றாக ஏறியிருக்கும். கரண்டி மாதிரி இருக்கும் அதன் முனையிலுள்ள இரண்டு நட்சத்திரங்களைக் கோடாக இணைத்து, அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் சிக்கும். பளிச்சென்று இருக்கும் என்று நினைத்துப் போனோம். மங்கலாக, தென்னை மட்டைக்குப் பக்கத்தில், "நானும் இருக்கேன்" என்கிற மாதிரி இருந்தது. பையன் முஷ்டியை வைத்துப் பார்த்தான்.

"மாமா, கரெக்டா ஒரு முஷ்டி. சென்னைல?"

"13 டிகிரி. ஒரு முஷ்டி, அதுக்கு மேல ஒன்றரை விரல்."

"லண்டன்ல?"

"51. அஞ்சு முஷ்டி."

"ஆஸ்திரேலியால?"

"தரைக்குக் கீழ போயிரும். அங்க இருந்து தெரியாது."

பூமி உருண்டை என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறான். அன்றைக்குத்தான் அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பகலில் இதற்கு இணையான வேலை நிழல் பார்ப்பது. ஏப்ரல் நடுவில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு தடவை, சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வரும். அன்று நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. சரியாக 12 மணிக்குப் போய் நின்று ஏமாறாதீர்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டின் கடிகாரம். மிர்சாப்பூர் வழியாகப் போகும் கோடு அது. சூரியன் ஒரு டிகிரி நகர 4 நிமிஷம் ஆகும். நாம் நாலே கால் டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக மேற்கே இருக்கிறோம். எனவே மதுரையின் உச்சிப்பொழுது ஏப்ரல் நடுவில் 12.17 வாக்கில்தான். அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே சாயும், மற்ற மாதங்களில் வடக்கே சாயும். வருஷம் முழுக்க வாரம் ஒரு தடவை சுண்ணாம்புக் கட்டியால் நிழல் நுனியைக் குறித்து வந்தால், பருவங்கள் ஏன் மாறுகின்றன என்பதை மொட்டைமாடியே சொல்லிக் கொடுத்துவிடும்.

நேர மண்டலமும் இதோடு ஒட்டியதுதான். 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். ஆனால் சிங்கப்பூர் இருக்கும் 104 டிகிரிக்கு அவர்கள் வைத்திருக்கும் கடிகாரம் ஒரு மணி நேரம் வேகம். அதனால்தான் அங்கே ஏழு மணிக்கு விடிகிறது. கடிகாரத்தை சூரியன் மட்டும் வைப்பதில்லை, அரசாங்கமும் வைக்கிறது. சீனா அவ்வளவு அகலமாக இருந்தும் ஒரே நேரம்தான் வைத்திருக்கிறது என்பதை அட்லஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நம்ம கோட்டில் வேறு யார் இருக்கிறார்கள்

இது எனக்குப் பிடித்த படி. அட்லஸில் மதுரையின் மேல் விரலை வைத்து, இடமும் வலமும் நேராக இழுத்துப் போங்கள். 9.9 டிகிரியில் வேறு எந்த ஊர்கள்?

மேற்கே முதலில் வருவது கொச்சி. காக்கை பறக்கும் தூரம் 200 கி.மீ.தான். மேலும் மேற்கே போனால் ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் ஜோஸ். அட்லாண்டிக்கைத் தாண்டினால் கோஸ்டாரிகாவின் தலைநகரம் சான் ஹோசே. சூரியன் இந்த நாலு ஊருக்கும் ஒரே மாதிரிதான் காய்கிறது. ஆனால் கொச்சியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை, மதுரையில் 850 மி.மீ. வாக்கில். ஜோஸும் சான் ஹோசேயும் வருஷம் முழுக்கப் பெரிய வெக்கை இல்லாமல் இதமாக இருக்கும் ஊர்கள். ஏன்?

கொச்சிக்கும் நமக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பது தேனிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது காற்று வெப்பமாகிறது, ஈரம் போய்விடுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்றுதான் இது. மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரவேண்டும். இதற்கு மழைமறைவுப் பிரதேசம் என்று பாடப்புத்தகப் பெயர். இதை ஆடி மாதம் ஆண்டிபட்டிக் கணவாயில் நின்று முகத்தில் வாங்கிக்கொண்டவருக்கு, தென் அமெரிக்காவின் தெற்கே சிலியின் கரை ஏன் ஈரக்காடு, ஆண்டிஸ் மலையைத் தாண்டினால் அர்ஜென்டினாவின் படகோனியா ஏன் பொட்டல் என்று யாரும் விளக்க வேண்டாம். ஊர் பெயர் மட்டும்தான் வேறு.

ஜோஸுக்கும் சான் ஹோசேக்கும் பதில் உயரம். இரண்டுமே கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மதுரையில் 38 டிகிரி என்றால், நமக்கும் அவர்களுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 2,000 மீட்டர், 13 டிகிரியைக் கழியுங்கள், அங்கே 25 வாக்கில் இருக்கும். வத்தலக்குண்டில் சன்னலைத் திறந்து வைத்திருந்த பஸ்காரர்கள் பெருமாள்மலைக்கு மேல் ஒவ்வொருவராக மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈக்வடாரின் தலைநகரம் கீட்டோ கிட்டத்தட்ட பூமத்திய ரேகை மேலேயே இருக்கிறது, ஆனால் 2,850 மீட்டர் உயரத்தில். அங்கே ஸ்வெட்டர் வேண்டும். கொடைக்கானல் தெரிந்தவருக்கு இது ஆச்சரியமே இல்லை.

இங்கேதான் பயிற்சி. அட்லஸில் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு ஊர்களைத் தொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள்: அட்சம், உயரம், கடலிலிருந்து தூரம், காற்று வரும் பக்கம் மலை இருக்கிறதா. அதை வைத்து அந்த ஊரின் வெயிலையும் மழையையும் ஊகியுங்கள். பிறகு உண்மையான மாத சராசரிகளைத் தேடி, நோட்டில் மழையைப் பட்டையாகவும் வெப்பத்தைக் கோடாகவும் வரையுங்கள். ஊகம் தப்பான ஊர்களில்தான் பாடம் இருக்கிறது. நான் முழுதாகத் தோற்றது லண்டனில். எப்போது பார்த்தாலும் மழை என்று கேள்விப்பட்டதால் 2,000 மி.மீ. என்று எழுதினேன். உண்மையில் 600 மி.மீ. வாக்கில்தான், மதுரையை விடக் குறைவு! நமக்கு நாலு நாள் ஊற்றி ஓடிவிடுவதை அவர்கள் வருஷம் முழுக்கத் தூறலாக வாங்குகிறார்கள். வெயில் குறைவு என்பதால் அது ஆவியாகவும் போவதில்லை. ஓர் ஊர் வறட்சியா இல்லையா என்பது பெய்ததை மட்டும் வைத்து இல்லை, போனதையும் வைத்துத்தான்.

விளாதிமிர் கோப்பென் என்ற அறிஞர் 1884இல் தொடங்கி இப்படித்தான் உலகத்தைப் பிரித்தார். வெப்பமண்டலம், வறண்டது, மிதவெப்பம், கடுங்குளிர், துருவம் என்று ஐந்து பெரும் பிரிவுகள், அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று எழுத்துகள். கிளைப்பிரிவுகளை மனப்பாடம் பண்ண வேண்டாம். மதுரை ஏவுக்கும் பிக்கும் விளிம்பில் நிற்கிற ஊர் என்று தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். நம் ஆட்கள் பாலையைத் தனி நிலமாகச் சொல்லாமல், குறிஞ்சியும் முல்லையும் காய்ந்து போனால் வரும் நிலையாகச் சொன்னார்கள். அரைவறட்சி நிலத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். சகாரா மாதிரி நிரந்தரப் பாலைக்குக் காரணம் வேறு. பூமத்திய ரேகையில் சூடாகி மேலே போன காற்று 30 டிகிரி வாக்கில் காய்ந்துபோய் இறங்குகிறது, இறங்கும் காற்றில் மேகம் கட்டாது. சிலியின் அட்டகாமாவுக்கு இதோடு மழைமறைவும் குளிர்நீரோட்டமும் சேர்ந்துகொண்டன. அங்கே அரிக்கா என்ற ஊரில் வருஷ சராசரி மழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

மூன்றாம் படி: கல்லைத் தொட்டுப் பாருங்கள்

ஒத்தக்கடையில் இறங்கி யானைமலை அடிவாரம் போங்கள். மாசி முடிவதற்குள், காலை ஆறு மணிக்கே. பங்குனிக்கு மேல் பாறை தோசைக்கல்.

தூரத்திலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானை. கிட்டே போனால், சுற்றிலும் வயல், நடுவில் ஒரே பாறையாக எழுந்து நிற்கிற மலை. சமவெளியில் தீவு மாதிரி நிற்பதால் இதற்கு ஜெர்மன் மொழியில் 'இன்செல்பெர்க்', அதாவது தீவு மலை, என்று பெயர் வைத்தார்கள். இது கீழிருந்து முளைத்து வந்ததில்லை. ஒரு காலத்தில் சுற்றிலும் பாறை இருந்தது. விரிசல் அதிகமாக இருந்த பாறையில் தண்ணீர் புகுந்து அரித்து மண்ணாக்கிக் கொண்டுபோய்விட்டது. விரிசல் இல்லாத முரட்டுப் பாறை மிஞ்சி நிற்கிறது. மலை உயரவில்லை, ஊர் இறங்கியிருக்கிறது. இதைச் சொன்னபோது பையன் மலையைப் பார்க்காமல் வயலைப் பார்த்தான், அதுதான் சரியான இடம்.

ஏறும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பாறை வெங்காயத் தோல் மாதிரி வளைந்த பலகைகளாக உரிந்திருக்கும். மேலிருந்த பாரம் நீங்கியதும் பாறை விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகப் பிளக்கிறது, வெயிலும் மழையும் மிச்ச வேலையைச் செய்கின்றன. இரண்டாவது, மேலே இருக்கும் சுனைகள். பாறையின் சிறு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, தேங்கிய இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஆழமானவை. அங்கே மேலே நின்றபடி போனில் ஜோஸ் பீடபூமியின் படங்களைத் தேடுங்கள். அதே கிரானைட் குன்றுகள், அதே உரிந்த தோல். ரியோ டி ஜெனிரோவின் சுகர்லோஃப் மலையையும் பாருங்கள். கடலோரத்தில் நிற்கும் ஒரு யானைமலை அது. ஆனால் ஆஸ்திரேலியாவின் உளுருவைப் பார்த்து ஏமாற வேண்டாம். உருவம் ஒன்றாக இருந்தாலும் அது மணற்பாறை.

இந்தப் பகுதியின் அடிப்பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே 'மதுரைத் தொகுதி'. பூமிக்குள் ஆழத்தில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய உருவத்துக்கு வெந்த பாறைகள். அப்போது இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒட்டிக் கிடந்தன. மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தது ஏறக்குறைய 9 கோடி ஆண்டுக்கு முன், இந்தியா வடக்கே போய் ஆசியாவோடு மோத ஆரம்பித்தது 5 கோடி ஆண்டு வாக்கில். கணக்குப் போட்டால், இமயமலை எழும்பத் தொடங்கியபோதே யானைமலைக் கல்லுக்கு வயது 50 கோடி. உயரத்தில் எவரெஸ்ட் 8,848 மீட்டர், ஆனால் மூப்பில் நம் குன்றுதான் தாத்தா. மேற்குத் தொடர்ச்சி மலையும் இமயமும் ஒரே விதத்தில் உண்டானவை என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். இமயம் மோதலில் மடிந்து எழுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையோ, கண்டம் பிளந்தபோது நின்றுபோன விளிம்பு.

மலை ஆனதும் ஆறு. ஏ.வி. பாலத்தில் நின்று வைகையைப் பாருங்கள். தண்ணீர் இல்லாத நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஆறு மணலை எப்படிப் பிரித்து அடுக்குகிறது என்று தெரியும். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கி.மீ. வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிற ஆறு இது. வழியெல்லாம் கண்மாய்களுக்குப் பங்கு கொடுத்துக் கொடுத்து, கடலுக்கு மிச்சம் வைப்பது அபூர்வம். ஆப்பிரிக்காவில் ஒக்கவாங்கோ ஆறு கடலைப் பார்க்காமல் போட்ஸ்வானாவின் மணலிலேயே விரிந்து காணாமல் போகிறது. அமெரிக்காவின் கொலராடோ, அணைகளும் கால்வாய்களும் உறிஞ்சியதில், கடலைத் தொடாமலே வற்றுகிறது. ஆறு என்றால் கடலில் சேரும் என்று பள்ளியில் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம்.

நீர்பிரி மேடு என்றால் என்ன என்பதற்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் விழும் மழை அரபிக்கடலுக்கு, இந்தப் பக்கம் விழுவது வங்கக்கடலுக்கு. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பியது. தேனி மாவட்டக் கூடலூர்ப் பக்கம் அந்தத் தண்ணீர் மலையிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, அட்லஸில் அமேசானைப் பாருங்கள். பசிபிக் கடலுக்கு 200 கி.மீ.க்குள் ஆண்டிஸில் பிறந்து, அந்தப் பக்கம் இறங்காமல் ஒரு கண்டத்தையே குறுக்கே கடந்து அட்லாண்டிக்குப் போகிறது. அரபிக்கடல் பக்கத்தில் பிறந்து வங்கக்கடலுக்கு ஓடும் கோதாவரி, காவிரி எல்லாம் அதே ஜாதகம்.

நான்காம் படி: மேப் சொல்லும் பொய்யைக் கண்டுபிடியுங்கள்

ஒரு கமலா ஆரஞ்சு வாங்குங்கள். காம்புப் பக்கம் பால்பாயின்ட் பேனாவால் கிரீன்லாந்தை வரையுங்கள், நடுவில் ஆப்பிரிக்காவை, ஓரளவு சரியான அளவில். தோலைக் கிழியாமல் உரித்து மேசையில் தட்டையாக அழுத்துங்கள். காம்பைச் சுற்றிக் கிழிந்து இடைவெளி விடும். தட்டை மேப் செய்பவர் அந்த இடைவெளியை ஏதாவது செய்துதான் அடைக்க வேண்டும். 1569இல் மெர்கேட்டர் துருவப் பக்கத்தை இழுத்து அடைத்தார். அதனால்தான் கடைச் சுவரில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் அண்ணன் தம்பி மாதிரி தெரிகின்றன. உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி ச.கி.மீ., கிரீன்லாந்து ஏறக்குறைய 22 லட்சம். பதினாலு கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குள் உட்காரும். இந்தியாவே 32.87 லட்சம், கிரீன்லாந்தைப் போல் ஒன்றரை மடங்கு.

மெர்கேட்டரைத் திட்டவும் வேண்டாம். திசைகாட்டி முள் காட்டும் கோணத்தில் கப்பல் ஓட்டினால் அவர் மேப்பில் அது நேர்கோடாக வரும். மாலுமிக்காகச் செய்த மேப்பை நாம் வகுப்பறையில் மாட்டிவிட்டோம். பரப்பளவை ஒப்பிட, சம பரப்பு மேப் என்று தேடிப் பாருங்கள். 2018இல் வந்த 'ஈக்வல் எர்த்' அப்படி ஒன்று, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

அந்த அம்மாவின் விமானத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. உருண்டையில் தில்லியில் நூலின் ஒரு முனை, நியூயார்க்கில் மறு முனை, இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக வழுக்கி வடக்கே ஏறி, ரஷ்யா, நார்வேயின் வடகோடி, கிரீன்லாந்து என்று போகும். உருண்டையில் குறுக்குவழி அதுதான். கடையில் இப்போது உருண்டையும் நூலும் மேசை மேலேயே இருக்கின்றன, கேட்பவர்களிடம் நூலைக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது உயரத்தை மேப்பில் படிப்பது. ஓர் உருளைக்கிழங்கை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். அதைப் படுக்கைவாக்கில் ஒரே கனத்தில் துண்டு போடுங்கள். அடித்துண்டைப் பேப்பரில் வைத்து ஓரம் வரைந்து, அதன் மேலேயே அடுத்த துண்டு, அடுத்தது. வளையத்துக்குள் வளையமாக வருவது சம உயரக் கோடுகள். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று உள்ளே உள்ளே போவது போலத்தான், ஒவ்வொரு வீதியும் ஒரு படி உயரம் என்று வைத்துக்கொண்டால். கிழங்கு எந்தப் பக்கம் செங்குத்தாக இருந்ததோ அங்கே கோடுகள் நெருங்கும், சரிவாக இருந்த பக்கம் விலகும். துண்டுகளைப் பொரியலுக்கு அனுப்பிவிடலாம்.

கிழங்கு புரிந்ததும் நிஜத்துக்குப் போங்கள். 1767இல் தொடங்கிய, அரசாங்கத்தின் மேப் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் டோப்போ ஷீட்டுகளை, அதாவது நிலத்தின் மேடு பள்ளத்தையும் காட்டும் மேப்புகளை, அதன் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கலாம். அளவுகோல் 1:50,000, அதாவது மேப்பில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரை கிலோமீட்டர். ஒன்றுக்குப் பின்னால் வரும் அந்த எண் பெரிதானால் மேப்பில் விவரம் குறையும் என்பதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள், புதியவர்கள் எல்லோரும் இதில் தலைகீழாக விழுவார்கள். பழுப்புக் கோடுகள் உயரம், நீலம் தண்ணீர், பச்சை மரம் செடி. மதுரை ஷீட்டில் யானைமலையைக் கண்டுபிடித்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அப்பியிருக்கும். நாகமலை பெயருக்கேற்ற மாதிரி நீண்டு கிடக்கும். சுற்றிலும் கண்மாய்கள், கரை எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவை மட்டும் வைத்துத் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லிப் பழகுங்கள். இது வந்துவிட்டால், கூகுள் எர்த்தில் முன்பின் தெரியாத நாட்டின் எந்த மூலையையும் படிக்க முடியும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லைக்கோடுகளை மட்டும் ஏதோ ஒரு வெளிநாட்டு மேப்பிலிருந்து எடுக்காதீர்கள், சர்வே ஆஃப் இந்தியா மேப்பையே பாருங்கள்.

அதற்குப் பிறகு

தினமும் பதினைந்து நிமிஷம் போதும். செய்தியில் ஓர் ஊர் வந்தால், நிலநடுக்கமோ தேர்தலோ கிரிக்கெட்டோ, அதை அவுட்லைன் மேப்பில் புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு வரி மட்டும் எழுதுங்கள். மதுரையை விட வடக்கா தெற்கா, உயரமா தாழ்வா, ஈரமா வறட்சியா. காரணம் தெரிந்த நாட்டுக்குக் கலர் அடியுங்கள், பெயர் மட்டும் தெரிந்தால் வெள்ளையாகவே விடுங்கள். ரயிலில் போனால் ஸ்டேஷன் பெயர்ப் பலகையின் அடியில் போட்டிருக்கும் கடல்மட்ட உயரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மதுரையிலிருந்து கொடைரோடு, திண்டுக்கல் போகப் போக எண் ஏறும், ராமேஸ்வரம் பக்கம் போனால் இறங்கும். இரண்டு பயணத்தில் உங்கள் நோட்டில் மாவட்டத்தின் குறுக்குவெட்டுப் படம் வந்துவிடும். தலைநகரங்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்காகத் தனியாக உட்கார வேண்டாம்.

பையன் இப்போது என்னை விட வேகம். அவன் மேப்பில் தென் அமெரிக்கா முழுக்கக் கலர், மத்திய ஆசியா மட்டும் வெள்ளை. என் மேப்பில் மேற்கு ஆப்பிரிக்கா, ஜோஸ் ஒரு புள்ளியைத் தவிர, இன்னும் அப்படியே கிடக்கிறது.